ஸ்லாவியத் துறையில் பிஎச்.டி.யா, வரலாற்றுத் துறையிலா, எம்.ஏ.வோடு நிறுத்திக்கொள்வதா?

ரஷ்ய மொழியையோ போலிஷையோ இரண்டு மூன்று வருடம் படித்து, அது மனதில் ஒட்டிக்கொண்ட பிறகு வரும் கேள்வி இது. இதையே வாழ்க்கைத் தொழிலாக வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றிவிட்டது. சரி, எந்த வழியாகப் போவது? இந்தக் கேள்வியோடு எழுதுபவர்கள் பெரும்பாலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை மனதில் வைத்தே கேட்கிறார்கள். அதனால் இந்த ஒப்பீடும் அமெரிக்காவைச் சுற்றியே போகும். மற்ற நாடுகளைப் பற்றிக் கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வழிகள் மூன்று. ரஷ்யன், போலிஷ், உக்ரேனியன் போன்ற ஸ்லாவிய மொழிகள், அவற்றின் இலக்கியம் சார்ந்த துறையில் பிஎச்.டி. வரலாறு, அரசியல் அறிவியல், மானிடவியல் போன்ற ஒரு துறையில் சேர்ந்து, ரஷ்யா, கிழக்கு ஐரோப்பா, மத்திய ஆசியா என்ற இந்தப் பிராந்தியத்தில் பிஎச்.டி. பிராந்திய ஆய்வில் இரண்டு வருட எம்.ஏ. முடித்து மொழி கற்பித்தல், நூலகம், ஆய்வு மைய வேலை என்று போவது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "ரஷ்யா தெரிந்தவர் தேவை" என்று எந்தப் பல்கலைக்கழகமும் விளம்பரம் போடுவதில்லை. வரலாற்றாசிரியர் தேவை, மொழி விரிவுரையாளர் தேவை, இலக்கியப் பேராசிரியர் தேவை என்றுதான் போடுகிறார்கள். பிராந்தியம் அந்த விளம்பரத்தின் இரண்டாவது வரியில்தான் வரும். உங்கள் ஆர்வம் அந்தப் பிராந்தியத்தின் மேல் இருக்கலாம். உங்களை வேலைக்கு எடுப்பதோ ஒரு துறை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள்தான் ஆறேழு வருடம் கழித்துத் திண்டாடுகிறார்கள்.

## எதையெல்லாம் வைத்து எடைபோடுவது?

பணம், வருடங்கள். படிக்கும் காலத்தில் உங்களுக்குச் சம்பளம் வருகிறதா, அல்லது நீங்கள் கட்டணம் கட்டுகிறீர்களா? அமெரிக்காவில் நல்ல பிஎச்.டி. திட்டங்கள் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, ஐந்து வருடத்துக்கு உதவித்தொகையும் தரும். எம்.ஏ.வுக்கு அப்படிப் பெரும்பாலும் கிடைக்காது.

அடுத்து, மொழிக்கு ஆகும் நேரம். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் தன் அதிகாரிகளுக்கு ரஷ்யன் கற்றுத்தர 44 வாரம், 1,100 வகுப்பு மணி ஒதுக்குகிறது. உக்ரேனியன், போலிஷ், செக், உஸ்பெக் எல்லாம் அதே வகையில்தான் இருக்கின்றன. நாள் முழுக்க அது ஒன்றையே வேலையாகச் செய்பவர்களுக்கான கணக்கு இது. பட்டப்படிப்போடு சேர்த்துப் படிக்கும்போது இது பல வருடங்களாகப் பரவும். இரண்டாவது மொழியும் தேவை என்றால் அதற்கான கோடைக்காலங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஆய்வுக்குத் தேவையான இடத்துக்குப் போக முடியுமா என்பது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுப்பதற்கு முன்னால் இதை யாரும் பெரிதாகக் கேட்டதில்லை. இப்போது இதுதான் முதல் கேள்வி.

நான்காவது, அந்தப் பேராசிரியர் வேலை கிடைக்காமல் போனால் உங்கள் கையில் என்ன மிஞ்சும்? ஐந்தாவது, நீங்கள் அமெரிக்கக் குடிமகனோ நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) பெற்றவரோ இல்லையென்றால், விசாவும் எந்தெந்த உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவே முடியாது என்பதும்.

## பணம் வந்த கதை கொஞ்சம்

இதைத் தாண்டிப் போக முடியாது. இந்தத் துறையில் வேலைகள் ஏன் ஏறுகின்றன, ஏன் இறங்குகின்றன என்பது இதில்தான் இருக்கிறது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரஷ்ய நிறுவனம் 1946-ல் தொடங்கியது. இன்று அதன் பெயர் ஹாரிமன் நிறுவனம். ஹார்வர்டின் ரஷ்ய ஆய்வு மையம் 1948-ல் வந்தது. இன்று அது டேவிஸ் மையம். 1957-ல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியது. அடுத்த வருடமே அமெரிக்கா தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் ஆறாம் பிரிவு வழியாக மொழிப் படிப்புக்கும் பிராந்திய மையங்களுக்கும் அரசுப் பணம் வரத் தொடங்கியது. 1983-ல் சோவியத் ஆய்வுக்கென்றே இன்னொரு சட்டமும் வந்தது.

பணம் அரசியலோடு வந்ததால் அரசியலோடு போகவும் செய்யும். 1990-ல் அமெரிக்கக் கல்லூரிகளில் ரஷ்யன் படித்தவர்கள் சுமார் 44,000 பேர். அதன்பின் சில வருடங்களிலேயே அது கிட்டத்தட்டப் பாதியானது. 2016-ல் சுமார் 20,000. மாணவர் எண்ணிக்கை அதிகமாக இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்த பேராசிரியர்கள் ஓய்வுபெறும்போது அந்த இடங்கள் பலவும் நிரப்பப்படுவதில்லை. 2025-ல் மத்திய அரசின் மொழி உதவித்தொகையும் பிராந்திய மையங்களுக்கான நிதியும் தொடராமல் நிறுத்தப்பட்டன. பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த நிதியிலிருந்து எவ்வளவு ஈடுகட்டுகின்றன என்பது இடத்துக்கு இடம் மாறும். ஒரு திட்டத்தின் இணையப் பக்கத்தில் உதவித்தொகை என்று பார்த்தால், அது இந்த வருடமும் உண்டா என்று எழுதிக் கேட்டுவிடுங்கள். பழைய பக்கங்கள் அப்படியே கிடக்கின்றன.

## முதல் வழி: ஸ்லாவியத் துறையில் பிஎச்.டி.

இங்கே வேலை என்பது பனுவல்களோடும் வகுப்பறையோடும். பெரும்பாலான திட்டங்களில் ரஷ்யனில் நல்ல தேர்ச்சி, இரண்டாவது ஸ்லாவிய மொழி ஒன்று, பிரெஞ்சிலோ ஜெர்மனிலோ வாசிக்கும் திறன் என்று கேட்பார்கள். மொழியியல் பக்கம் போனால் பழைய சர்ச் ஸ்லாவோனிக் என்ற இடைக்கால வழிபாட்டு மொழியும் வரும். பெரிய வாசிப்புப் பட்டியலை வைத்துத் தகுதித் தேர்வு, பிறகு ஆய்வேடு.

சேர்ந்த இரண்டாவது வருடத்திலிருந்தே பாடம் நடத்தவும் விடுவார்கள். பலர் இதைச் சுமையாகப் பார்க்கிறார்கள். எனக்கு இதுதான் இந்த வழியின் பெரிய லாபமாகத் தெரிகிறது. முதல் வருட ரஷ்யன் வகுப்பு பெரும்பாலும் வாரத்தில் நான்கைந்து நாள் நடக்கும். போவது வருவது பற்றிய வினைகள் பாடமாக வரும் வாரத்தை எடுத்துக்கொள்வோம். நடந்து போனால் ஒரு வினை, வண்டியில் போனால் இன்னொன்று. ஒரு திசையில் ஒருமுறை போய்க்கொண்டிருந்தால் ஒன்று, அடிக்கடி போய் வந்தால் வேறொன்று. பலகையில் ஒரு வீடு, ஒரு பள்ளி, நடுவே ஒரு பஸ் என்று வரைந்து அம்புக்குறி போட வேண்டும். இரண்டு தலை உள்ள அம்பு எந்த வினைக்கு, ஒற்றைத் தலை எதற்கு என்று அவர்களே சொல்லும் வரைக்கும் ஒவ்வொருவரையும் "நேற்று எங்கே போனாய், எதில் போனாய்?" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாம் நாள் ஒரு மாணவர் யோசிக்காமலே சரியாகச் சொல்வார். அந்த நிமிடம் உங்களுக்குப் பிடிக்கும் என்றால், இந்தத் துறையில் நீங்கள் நிலைப்பீர்கள். பிடிக்காது என்றால் வேறு வழியைப் பாருங்கள். ஆய்வு எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஸ்லாவியத் துறையில் வேலைக்குச் சேர்பவர் மொழியைக் கற்பித்தே ஆக வேண்டும்.

ரஷ்யாவின் ஆவணக் காப்பகங்களுக்குப் போவது கடினமாகிப் போனதில், இரண்டு பிஎச்.டி. வழிகளில் குறைவாக அடிபட்டது இந்த வழிதான். அச்சில் வந்த நூல்கள் எங்கும் கிடைக்கும். கையெழுத்துப் பிரதிகளிலும் கணிசமானவை அமெரிக்காவிலேயே உள்ளன. கவிஞர் ஓசிப் மண்டல்ஷ்டாமின் ஆவணங்கள் பிரின்ஸ்டனில் இருக்கின்றன. புலம்பெயர்ந்தவர்களின் கடிதங்கள், நாட்குறிப்புகள் கொலம்பியாவின் பாக்மெத்தேவ் காப்பகத்தில் குவிந்து கிடக்கின்றன. ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியிலும் ரஷ்யப் பண்பாட்டுக்கென ஒரு மையம் உண்டு.

மறைமுகச் செலவு எது என்றால், துறையின் சிறிய அளவு. நான்கைந்து பேராசிரியர்களே உள்ள துறையில் உங்கள் நெறியாளர் ஓய்வுபெற்றாலோ வேறிடம் போனாலோ ஆய்வேட்டைப் படிக்க ஆள் இல்லை. துறையே ஜெர்மனோடு சேர்க்கப்படலாம், "உலக மொழிகள்" என்ற பெரிய குடைக்குள் போகலாம், மூடப்படலாம். 2023-ல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் தன் வெளிநாட்டு மொழிப் பட்டங்களை நீக்கியது. 2025-ல் சிகாகோ பல்கலைக்கழகம் மொழி, இலக்கியம், கலை போன்ற ஹியூமானிட்டீஸ் துறைகள் பலவற்றில் அடுத்த ஆண்டுக்கான பிஎச்.டி. சேர்க்கையை நிறுத்தியோ குறைத்தோ வைத்தது. பெரிய பெயர் இருந்தால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம்.

வேலைச் சந்தையும் அப்படித்தான். இலையுதிர் காலத்தில் விளம்பரங்கள் வரும், குளிர்காலத்தில் நேர்காணல். ஒரு வருடத்தில் நாடு முழுக்க இந்தத் துறைக்கு வரும் டென்யூர் ட்ராக் இடங்களை, அதாவது பின்னால் நிரந்தரமாகக்கூடிய பேராசிரியர் இடங்களை, ஒரே மாலையில் படித்து முடித்துவிடலாம். மற்றவை ஒரு வருட, இரண்டு வருட வருகைப் பணிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு வீடு மாற வேண்டும், புதுப் பாடத்திட்டம் எழுத வேண்டும். அடுத்த வருட வேலைக்கு விண்ணப்பமும் அதே இலையுதிர் காலத்தில் எழுத வேண்டும். துணைவர் இருப்பவர்களை இந்தக் காலம்தான் அதிகம் வாட்டுகிறது. இதைப் பற்றி யாரும் விளம்பரக் கையேட்டில் எழுத மாட்டார்கள்.

## இரண்டாம் வழி: வரலாறு, அரசியல் அறிவியல், மானிடவியல்

இங்கே துறை பெரிது. வரலாற்றுத் துறைக்கு ஐரோப்பிய வரலாறும் உலக வரலாறும் நடத்த ஆள் எப்போதும் தேவைப்படும். சோவியத் வரலாறு எழுதியவர் "இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பா", "பேரரசுகளின் வரலாறு" என்ற விளம்பரங்களுக்கும் விண்ணப்பிக்கலாம். அரசியல் அறிவியலில் ஒப்பீட்டு அரசியல் என்ற பெரிய கூடாரம் இருக்கிறது. அங்கே ரஷ்யாவும் கஜகஸ்தானும் சர்வாதிகார ஆட்சிகள் எப்படி நிலைக்கின்றன என்ற கேள்விக்கான எடுத்துக்காட்டுகள். அந்தக் கேள்வி உங்களைச் சுண்டி இழுக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்கு ரஷ்யாதான் முக்கியம், கோட்பாடு சும்மா ஒப்புக்கு என்றால், அந்தத் துறையில் உங்கள் கட்டுரைகள் எடுபடாது. புள்ளியியல் வகுப்புகளைத் தவிர்க்கவும் முடியாது.

வரலாற்றுச் சந்தையும் மோசமாகத்தான் இருக்கிறது. இந்த வழியில் வேலை சுலபம் என்று நான் சொல்லவில்லை. தட்டுவதற்குக் கதவுகள் கூடுதலாக இருக்கின்றன, அவ்வளவுதான்.

மொழியை உங்களுக்கு இங்கே யாரும் சொல்லித்தர மாட்டார்கள். கையோடு கொண்டுவர வேண்டும், அல்லது கோடைகளில் ஓடி ஓடிப் படிக்க வேண்டும். மிடில்பரி கல்லூரியின் ரஷ்யப் பள்ளி 1945-லிருந்தும், இந்தியானா பல்கலைக்கழகத்தின் கோடை மொழிப் பட்டறை 1950-லிருந்தும் நடக்கின்றன. மிடில்பரியில் கோடை முழுக்க வேறு மொழி பேசுவதில்லை என்று கையெழுத்து போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இப்படிப்பட்ட கோடைகளுக்கு ஆகும் பணமும், அந்த மாதங்களில் ஆய்வேடு நகராமல் நிற்பதும் இந்த வழியின் மறைமுகச் செலவு. அரசின் மொழி உதவித்தொகைகள் நல்லபடியாக ஓடிய காலத்திலும் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டும்தான். வெளிநாட்டில் போய் மொழி படிக்க அரசு தரும் கிரிட்டிகல் லாங்குவேஜ், போரன் போன்ற உதவித்தொகைகள் குடிமக்களுக்கு மட்டும். வெளிநாட்டு மாணவர் பல்கலைக்கழகத்தின் சொந்தப் பணத்தைத்தான் நம்ப வேண்டும்.

அடுத்து, இடத்துக்குப் போகும் பிரச்சினை. இந்த வழியில் அடி பலமாக விழுந்தது இங்கேதான்.

சோவியத் ஆவணக் காப்பகத்தில் வேலை செய்தவர்களுக்கு ஒரு கோப்பு கைக்கு வரும் அனுபவம் தெரியும். தொகுப்பு எண், பட்டியல் எண், கோப்பு எண் மூன்றையும் எழுதிக் கொடுத்தால் சில நாள் கழித்து நூலால் தைத்த ஒரு கட்டு வரும். அதோடு ஒரு தாள் இருக்கும். அந்தக் கோப்பை இதற்கு முன்னால் எடுத்தவர்கள் தேதியோடு கையெழுத்து போட்டிருப்பார்கள். சில கோப்புகளில் அந்தத் தாள் காலியாகவே இருக்கும். உங்களுக்கு முன்னால் யாரும் இதைத் திறக்கவில்லை என்று அர்த்தம். இந்தக் காலித் தாளுக்காகவே வரலாற்றுக்கு வந்தவர்கள் பலர்.

மாஸ்கோவில் அந்தத் தாளில் கையெழுத்து போடுவது இப்போது பெரும்பாலோருக்கு நடைமுறையில் முடியாத காரியம். ஆனால் சோவியத் யூனியன் தன் காகிதங்களைப் பதினைந்து குடியரசுகளிலும் விட்டுவிட்டுப் போனது. கியேவில் பழைய கேஜிபி கோப்புகள் 2015 சட்டத்துக்குப் பிறகு ஆய்வாளர்களுக்குத் திறந்திருக்கின்றன. லிதுவேனியாவில் வில்னியஸின் சிறப்புக் காப்பகம், ஜார்ஜியாவில் திபிலிசி, கஜகஸ்தானில் அல்மாட்டி என்று இடங்கள் உண்டு. ஸ்டான்ஃபோர்டின் ஹூவர் நிறுவனத்தில் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சி ஆவணங்களின் நுண்படச் சுருள்கள் பெரிய அளவில் கிடைக்கும். ஆகவே ஆய்வுத் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே "மாஸ்கோ திறக்கவே இல்லையென்றாலும் இந்த ஆய்வேட்டை முடிக்க முடியுமா?" என்று கேளுங்கள். பதில் முடியாது என்றால் தலைப்பை மாற்றுங்கள். பிறகு திறக்கும் என்று காத்திருப்பது உங்கள் இளமையைப் பணயம் வைப்பது.

மானிடவியலுக்கும் நேர்காணல் வைத்துச் செய்யும் அரசியல் ஆய்வுக்கும் இன்னொரு கவலை உண்டு. அது உங்களைவிட அங்கே உங்களோடு பேசுபவர்களைப் பற்றியது. ரஷ்யாவில் "விரும்பத்தகாத அமைப்பு" என்று அறிவிக்கப்பட்ட நிறுவனத்தின் செயல்பாடுகளில் பங்கெடுத்தால் தண்டனை உண்டு. 2021-ல் பார்ட் கல்லூரியும் 2025-ல் யேல் பல்கலைக்கழகமும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. நீங்கள் படிக்கும் இடத்தின் பெயரே உங்கள் நண்பருக்குச் சிக்கலாகலாம். உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக் குழுவும் இதைக் கேட்கும், கேட்கத்தான் வேண்டும். பிஷ்கெக், திபிலிசி, யெரெவான் ஆகிய நகரங்களில் ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறியவர்களிடையே பலர் இப்போது ஆய்வு செய்வது இதனால்தான்.

## மூன்றாம் வழி: எம்.ஏ.வும் அதற்குப் பிறகும்

பிராந்திய ஆய்வில் எம்.ஏ. பொதுவாக இரண்டு வருடம். பல இடங்களில் இருக்கிறது. மொழி, வரலாறு, அரசியல், பொருளாதாரம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். இதில் சேர்பவர்கள் இரண்டு வகை. எந்தத் துறை தனக்கு என்று இன்னும் தெரியாதவர்கள் ஒரு வகை. பேராசிரியர் ஆகும் எண்ணம் இல்லாமல், இந்த உலகத்துக்குள்ளேயே வேலை செய்ய நினைப்பவர்கள் இன்னொரு வகை.

முதல் வகைக்கு என் அறிவுரை கொஞ்சம் கடுமையானது. கைக்காசு போட்டு எம்.ஏ. படித்துவிட்டுத் துறையைக் கண்டுபிடிக்கலாம் என்று கடன் வாங்காதீர்கள். தனியார் பல்கலைக்கழக எம்.ஏ. ஒன்றின் இரண்டு வருடக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும், அதற்குப் பிறகு கிடைக்கும் மொழி விரிவுரையாளர் சம்பளத்தோடு எந்த வகையிலும் பொருந்தாது. உதவித்தொகையோடு கிடைத்தால் போங்கள். இல்லையென்றால் ஒரு வருடம் அல்மாட்டியிலோ திபிலிசியிலோ தங்கி மொழியைத் தீட்டிக்கொண்டு நேரடியாகப் பிஎச்.டி.க்கு விண்ணப்பிப்பது நல்லது. பிஎச்.டி.யில் சேர எம்.ஏ. பெரும்பாலும் கட்டாயமில்லை.

இரண்டாவது வகைக்கு இந்த வழி மிக நன்றாக அமையலாம். பலர் இதைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். மொழி விரிவுரையாளராக இருப்பவர் ஆய்வேட்டை எண்ணித் தூக்கம் கெடாமல் முழு நேரமும் கற்பிக்கிறார். தேர்ச்சி மதிப்பீட்டில் சான்றிதழ் பெற்று, பாடத்திட்டம் உருவாக்கி, திட்டத்துக்கே ஒருங்கிணைப்பாளர் ஆகிறவர்கள் உண்டு. ஆனால் ஒப்பந்தம் ஒரு வருடமோ மூன்று வருடமோதான். மாணவர் எண்ணிக்கை குறைந்தால் முதலில் போவது இவர்களின் இடம். இப்போது இந்த வேலைக்கும் பிஎச்.டி. முடித்தவர்கள் விண்ணப்பிக்கிறார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

அதிகம் பேசப்படாத இன்னொரு வேலை, ஸ்லாவிய நூலகர். பிராந்திய எம்.ஏ.வோடு நூலக அறிவியலில் இன்னொரு முதுகலையும் வேண்டும். பத்துப் பன்னிரண்டு மொழிகளில் வரும் நூல்களைத் தேர்ந்து வாங்குவது, சிரிலிக் தலைப்புகளை நூலக முறைப்படி லத்தீன் எழுத்துக்கு மாற்றிப் பட்டியலிடுவது, ஆய்வாளர்களின் கேள்விகளுக்கு விடை தேடுவது என்று வேலை ஓடும். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஸ்லாவியத் தகவல் சேவை எங்கிருந்து கேட்டாலும் உதவும். எங்கோ ஒரு மாவட்டப் பத்திரிகையின் 1911-ஆம் வருட இதழ் எந்த நூலகத்தில் இருக்கிறது என்று தேடுவதில் உங்களுக்கு ஆனந்தம் என்றால், இந்த வேலையைவிட நல்லது எனக்குத் தெரியாது. இடங்கள் மிகக் குறைவு. ஆனால் போட்டியிடுபவர்களும் குறைவு.

அரசு வேலை, உளவுத் துறை பகுப்பாய்வு என்று சொல்லி எம்.ஏ.வை விற்பார்கள். அதற்குக் குடியுரிமையும் பாதுகாப்பு அனுமதியும் வேண்டும். குடியுரிமை இல்லாதவர்கள் அந்தக் கணக்கை அடித்துவிட்டு மீதியை மட்டும் எடைபோடுங்கள்.

## ஒரே பார்வையில்

| | ஸ்லாவியத் துறை பிஎச்.டி. | வரலாறு / அரசியல் / மானிடவியல் பிஎச்.டி. | பிராந்திய எம்.ஏ. |
|---|---|---|---|
| காலம் | 5 முதல் 7 வருடம் | 6 முதல் 8 வருடம், அரசியலில் சற்றுக் குறைவு | 2 வருடம், நூலகர் ஆக இன்னும் கூடுதல் |
| படிக்கும்போது பணம் | நல்ல திட்டங்களில் உதவித்தொகை | நல்ல திட்டங்களில் உதவித்தொகை | பெரும்பாலும் நீங்கள் கட்ட வேண்டும் |
| மொழி | உள்ளேயே கற்பீர்கள், கற்பிப்பீர்கள் | கோடைகளில், பல நேரம் சொந்தப் பொறுப்பில் | பாடத்திட்டத்தின் பெரும் பகுதி |
| ரஷ்யா எட்டாததால் அடி | குறைவு | அதிகம் | மிகக் குறைவு |
| பேராசிரியர் இடங்கள் | மிகக் குறைவு | குறைவு, ஆனால் பல தலைப்புகளில் விண்ணப்பிக்கலாம் | பொதுவாக இல்லை |
| மறைமுகச் செலவு | துறை மூடல், ஊர் ஊராக மாறுதல் | கோடை மொழிச் செலவு, தலைப்பு முடங்குதல் | கடன், குறுகிய ஒப்பந்தம் |
| வேறு வேலைக்குப் போனால் | கற்பித்தல், மொழிபெயர்ப்பு, பதிப்பகம் | தரவு, கொள்கை ஆய்வு, காப்பகம் | நூலகம், திட்ட நிர்வாகம், மொழிபெயர்ப்பு |

## எந்த மொழி?

ரஷ்யன் ஒன்று மட்டும் போதும் என்ற காலம் முடிந்துவிட்டது. 1948-ல் தொடங்கிய ஸ்லாவிய, கிழக்கு ஐரோப்பிய, யூரேசிய ஆய்வுச் சங்கம் தன் 2023 மாநாட்டுக்கு எடுத்துக்கொண்ட கருப்பொருளே காலனிய நீக்கம். உக்ரைனையும் மத்திய ஆசியாவையும் மாஸ்கோவின் ஜன்னல் வழியாகவே பார்த்துப் பழகிய துறை, தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்ற விவாதம் அது. இந்தத் திருத்தம் சரியானது, தாமதமாக வந்தது என்பது என் கருத்து.

நடைமுறையில் இதன் பொருள்: ரஷ்யனோடு உக்ரேனியன் தெரிந்தவருக்கு இன்று மதிப்பு கூடுதல். ஹார்வர்டின் உக்ரேனிய ஆய்வு நிறுவனம் 1973-லிருந்து இருக்கிறது, கோடைப் பள்ளியும் நடத்துகிறது. கனடாவில் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தின் நிறுவனம் 1976-ல் வந்தது. புலம்பெயர்ந்த சமூகங்கள் திரட்டிய அறக்கட்டளைப் பணம் உக்ரேனிய, ஆர்மீனிய, போலிஷ் இருக்கைகள் பலவற்றுக்குப் பின்னால் இருக்கிறது. அரசு நிதி வற்றும்போது இந்த இருக்கைகள் ஓரளவு தாக்குப்பிடிக்கும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

உஸ்பெக், கசாக், தாஜிக் என்று போகிறவர்களுக்கு அமெரிக்காவில் இந்தியானாவின் மத்திய யூரேசிய ஆய்வுத் துறைதான் முதல் பெயர். மொழித் துறை வேலை என்று தேடினால் இடங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஆனால் இரண்டாம் வழியில், வரலாற்றிலோ மானிடவியலிலோ சேர்ந்து இந்த மொழிகளில் ஒன்றையும் ரஷ்யனையும் வைத்திருப்பவர் பலம் வாய்ந்தவர். களமும் திறந்திருக்கிறது.

## விசா, மற்ற நாடுகள்

ஹியூமானிட்டீஸ் பட்டத்துக்குப் பிறகு எஃப்-1 என்ற அமெரிக்க மாணவர் விசாவில் இருப்பவருக்கு 12 மாத வேலை அனுமதி கிடைக்கும். அறிவியல், தொழில்நுட்பப் பட்டங்களுக்கு உள்ள 24 மாத நீட்டிப்பு கிடையாது. எம்.ஏ. முடித்துவிட்டு 12 மாதத்துக்குள் விசாவுக்குப் பொறுப்பேற்கும் ஒரு நிறுவனத்தைப் பிடிப்பது கடினம். எச்-1பி என்ற வேலை விசாவுக்கு நிறுவனங்கள் சந்திக்கும் குலுக்கல் பல்கலைக்கழகங்களுக்குக் கிடையாது என்பது நல்ல செய்தி. ஆனால் 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று பிரகடனம் வந்தது. உங்கள் நிலைமைக்கு அது பொருந்துமா என்று சேரும் இடத்தின் சர்வதேச அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியில் முனைவர் ஆய்வு பெரும்பாலும் பகுதிநேர ஊதியம் பெறும் ஒரு பணி. ஸ்லாவியலில் இரண்டு மூன்று ஸ்லாவிய மொழிகளை எதிர்பார்ப்பார்கள். பட்டத்துக்கு முன் ஆறு வருடம், பின் ஆறு வருடம் என்று தற்காலிக ஒப்பந்தங்களுக்குச் சட்டமே வரம்பு வைத்திருப்பதால், அதற்குள் பேராசிரியர் இடம் அமையாவிட்டால் வெளியேற வேண்டியிருக்கும். பெர்லினில் 2016-ல் தொடங்கிய கிழக்கு ஐரோப்பிய, சர்வதேச ஆய்வு மையம் போன்ற இடங்கள் ஆய்வு மட்டும் செய்ய விரும்புவோருக்கு நல்லவை. லண்டனில் 1915-லிருந்து இருக்கும் ஸ்லாவோனிக் பள்ளியில் எம்.ஏ. ஒரே வருடத்தில் முடியும். ஆனால் பிரிட்டனில் பிஎச்.டி.க்கு நிதி தனியாகப் போட்டியிட்டுப் பெற வேண்டும். ஜப்பானில் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் ஸ்லாவிய-யூரேசிய ஆய்வு மையத்தையும் அஸ்தானாவின் நசர்பாயெவ் பல்கலைக்கழகத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். பின்னது ஆங்கிலத்தில் யூரேசிய ஆய்வு கற்பிக்கிறது, ஆய்வுக் களத்தின் நடுவிலேயே இருக்கிறது.

## யாருக்கு எது?

கவிதையை வரிவரியாகப் பிரித்துப் பார்ப்பதும், அம்புக்குறி போட்டு வினைகளைக் கற்பிப்பதும் இரண்டுமே பிடிக்கும் என்றால், முழு உதவித்தொகையோடு வரும் ஸ்லாவியத் துறை. இரண்டில் ஒன்று பிடிக்காவிட்டாலும் வேண்டாம்.

"இது ஏன் நடந்தது?" என்ற கேள்விதான் உங்களை விழித்திருக்க வைக்கிறது, அதை ரஷ்யாவுக்கு வெளியேயும் கேட்க முடியும் என்றால் இரண்டாம் வழி. முடிவெடுக்க முடியாமல் முதல் இரண்டுக்கும் நடுவே நிற்பவர்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். இலக்கிய ஆர்வத்தை வரலாற்றுத் துறைக்குள் கொண்டுபோக இடமுண்டு. பிஎச்.டி. முடித்தபின் துறை மாறுவது நடக்காத காரியம்.

குடியுரிமை இருந்து, உதவித்தொகையும் கிடைத்து, ஆய்வேடு எழுதும் ஆசை இல்லையென்றால் எம்.ஏ. தயங்காமல் போங்கள்.

எந்த வழியானாலும், சேருகிறேன் என்று சொல்வதற்கு முன் துறைக்கு எழுதிக் கேட்க வேண்டியவை சில உண்டு. கடந்த பத்து வருடத்தில் பட்டம் பெற்ற ஒவ்வொருவரும் இப்போது என்ன வேலையில் இருக்கிறார்கள், பாதியில் விட்டவர்கள் எத்தனை பேர்? கோடை மாதங்களுக்கும் உதவித்தொகை உண்டா, ஆறாவது வருடத்துக்கு? நெறியாளர் எப்போது ஓய்வுபெறுகிறார்? அவர் இடத்தை நிரப்பப் பல்கலைக்கழகம் ஒப்புதல் தந்திருக்கிறதா? பிறகு மூன்றாம், நான்காம் வருட மாணவர் இரண்டு பேரிடம் தனியாகப் பேசுங்கள். ஓர் அத்தியாயத்தைக் கொடுத்தால் நெறியாளர் எத்தனை வாரத்தில் திருப்பித் தருகிறார் என்று அவர்களைக் கேளுங்கள். உதவித்தொகையோடு வரும் பிஎச்.டி. அழைப்புக்குப் பதில் சொல்லப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15 வரை நேரம் தரும். இந்த விசாரணைக்கெல்லாம் அது தாராளமாகப் போதும்.